கையொப்பம் வைப்பதற்கு முன்...



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். மகனுக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் ஓ.எல். எழுத வேண்டியவன். வாப்பா கட்டாரில் தொழில் செய்கிறார். ஆறு மாதமாக அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வகுப்புக்குப் போய் வருகிறான். கடையொன்றின் மேல்மாடியில் மெத்தை விரித்து நடக்கும் வகுப்பு. கராத்தே என்றுதான் உம்மா நினைத்திருந்தார். ஒருநாள் காது வீங்கி வந்தான். இன்னொரு நாள் கழுத்தில் சிவந்த தடம். இப்போது கொழும்பில் போட்டியொன்று இருக்கிறதென்று ஒரு கடதாசியை நீட்டுகிறான். அதில் உம்மா கையொப்பம் வைக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் இருந்ததை மூத்த மகள் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். காயமோ மரணமோ ஏற்பட்டால் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருக்கிறது.

"இது வெறும் விளையாட்டு உம்மா, உலகம் முழுக்க இருக்கிறது என்கிறான். வெறும் விளையாட்டு என்றால் அதில் மரணத்தைப் பற்றி ஏன் எழுதியிருக்கிறது? நான் கையொப்பம் வைக்கலாமா? வைக்காவிட்டால் பிள்ளை முகம் கொடுத்துப் பேசமாட்டான் போலிருக்கிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரிகளே, இந்தக் கேள்வி அந்த ஒரு தாயின் கேள்வி மட்டுமல்ல. பல வீடுகளில் இன்று இருக்கும் கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

இது என்ன விளையாட்டு?

இரண்டு வகைகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கட்டிப்பிடித்து வீழ்த்தி, கையையோ காலையோ கழுத்தையோ மடக்கி எதிராளியை ஒப்புக்கொள்ளச் செய்யும் பிடிச்சண்டை. மல்யுத்தம், ஜூடோ, ஜியு ஜிட்ஸு எல்லாம் இந்த வகை. இதில் குத்தும் உதையும் இல்லை. தாங்க முடியாதபோது கையால் இரண்டு மூன்று தடவை தட்டினால் போதும், மற்றவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். மற்றது எம்.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கலப்புச் சண்டை. பிடியோடு குத்தும் உதையும் சேர்ந்தது. எதிராளி கீழே விழுந்த பின்னரும் அடிக்கலாம். தலையிலும் அடிக்கலாம்.

பிள்ளைகள் இதில் மயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவ் என்ற முஸ்லிம் வீரர் 29 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காதவர். அரங்கில் நின்று அல்லாஹ்வைப் புகழ்ந்தவர். அவரது படங்கள் நம் பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசிகளில் நிறைந்திருக்கின்றன. அவருக்குப் பயிற்சி கொடுத்த வாப்பா 2020இல் வபாத்தானார். அதே வருடம் ஒக்டோபரில் அபூதாபியில் வெற்றி பெற்ற கையோடு, வாப்பா இல்லாமல் இனிச் சண்டையிட மாட்டேன் என்று உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் ஓய்வு பெற்றார். அவரது வெற்றிகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, உம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக அவர் நிறுத்திக்கொண்டதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

நிறுத்த ஆளில்லாத சண்டை

இந்தக் கலப்புச் சண்டை இன்றைய வடிவில் பிரபலமானது 1993 நவம்பரில், அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஒரு போட்டியோடுதான். கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்பவற்றைத் தவிரத் தடைகள் ஏறக்குறைய இல்லை. எடைப் பிரிவு இல்லை. புள்ளி வழங்கவும் எவருமில்லை. எல்லாவற்றிலும் மோசமானது, சண்டையைத் தாமாக நிறுத்தும் அதிகாரம் நடுவருக்குக்கூட இருக்கவில்லை. ஒருவர் தட்ட வேண்டும், அல்லது மயங்கி விழ வேண்டும், அல்லது அவருடைய பக்கத்தார் துவாயை வீச வேண்டும். இரண்டாவது போட்டியில் நடுவராக இருந்த ஜோன் மெக்கார்த்தி, நிறுத்தும் அதிகாரம் தரப்படாவிட்டால் தம்மால் முடியாது என்று வற்புறுத்திய பிறகே, 1994 செப்டெம்பரில் நடந்த மூன்றாவது போட்டியிலிருந்து நடுவருக்கு அந்த அதிகாரம் கிடைத்தது.

1996இல் ஜோன் மெக்கெய்ன் என்ற செனட்டர் இதை மனிதச் சேவற்சண்டை என்று கண்டித்து, எல்லா மாநில ஆளுநர்களுக்கும் எழுதினார். 36 மாநிலங்கள் இதற்குத் தடை விதித்தன. அதன் பிறகுதான் நடத்துபவர்களுக்குப் புத்தி வந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் நியூ ஜேர்ஸி மாநில அதிகாரிகளின் மேற்பார்வையில் ஒருமித்த விதிகள் வந்தன. எடைப் பிரிவு, கையுறை, நேர வரம்பு, தடைசெய்யப்பட்ட அடிகளின் நீண்ட பட்டியல், மேடையருகே மருத்துவர், நிறுத்தும் அதிகாரமுள்ள நடுவர் ஆகிய எல்லாம் அவற்றில் இருந்தன. இந்த விளையாட்டுக்கு ஓரளவு மரியாதை கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

தடை இருந்தும் காக்கப்படாத பிள்ளைகள்

இப்போது சொல்லப்போவதைத் தாய்மார் கூர்ந்து கவனிக்க வேண்டும். நியூயோர்க் மாநிலம் 1997இல் இந்தச் சண்டையைத் தடை செய்தது. ஆனால் அந்தத் தடை பணத்துக்காகச் சண்டையிடும் தொழில்முறை வீரர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. பணம் பெறாத அமெச்சூர் இளைஞர்களின் சண்டைகள் மண்டபங்களில் தாராளமாக நடந்தன. சட்டம் அவற்றைத் தடுக்கவுமில்லை, மேற்பார்வை செய்யவுமில்லை. மருத்துவர் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. தொற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை கட்டாயமில்லை. காப்புறுதியும் கட்டாயமில்லை. நன்கு பழகிய தொழில்முறை வீரர்களுக்குத் தடை, பழகாத இளைஞர்களுக்கு ஒரு காவலும் இல்லை! 2016இல் தடையை நீக்கிய சட்டம்தான் அமெச்சூர் சண்டைகளையும் மேற்பார்வையின் கீழ் கொண்டு வந்தது.

அதே 2016இல், ஏப்ரல் மாதம், அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொழில்முறைச் சண்டையொன்றில் தோற்ற ஜோவா கர்வால்யோ என்ற 28 வயதுப் போர்த்துக்கல் இளைஞர் இரண்டு நாளில் இறந்துபோனார். தலையில் விழுந்த அடிகளே காரணம். சண்டை முடிந்து சிறிது நேரம் கழித்தே அவரது நிலை மோசமாகியது. அந்நாட்டில் அந்த விளையாட்டுக்கு அரசு அங்கீகரித்த நிர்வாக அமைப்பு அப்போது இருக்கவில்லை. யார் பொறுப்பு என்ற விவாதம் ஜனாஸா போன பிறகே எழுந்தது.

அமெச்சூர் வீரர்களுக்கென 2012இல் ஒரு சர்வதேச சம்மேளனம் தோன்றியது. முழங்கைக் குத்துக்குத் தடை, தடித்த கையுறை, முன்னங்காலுக்குக் காப்பு, மூன்று நிமிடச் சுற்றுகள் என அதன் விதிகள் தொழில்முறையைவிடக் கவனமானவை. சிறுவர்களுக்கான அதன் போட்டிகளில் தலையில் அடிப்பதற்கு அனுமதி கிடையாது. 2017இல் அதன் உலகப் போட்டி பஹ்ரைனில் நடந்தது. ஆக, ஒழுங்குபடுத்த வழி இருக்கிறது. ஆனால் எங்கோ இருக்கும் விதி உங்கள் ஊர் மேல்மாடியில் தானாக அமுலுக்கு வராது. "உலகம் முழுக்க இருக்கிறது" என்று சொல்லும் மகனுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "உலகத்தில் இருக்கும் விதி உன் வகுப்பில் இருக்கிறதா மகன்?"

மார்க்கத்தின் பார்வை

உடல் வலிமையை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர் என்ற கருத்துள்ள ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ருகானா என்ற மல்லரோடு நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்து அவரை வீழ்த்தினார்கள் என்ற செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை உறுதியானதல்ல என்று இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். நம் கிழக்கிலங்கை ஊர்களிலும் சீனடி, சிலம்படி என்று கற்றவர்கள்தானே நம் முன்னோர்! கற்பித்தவரும் கற்றவரும் ஒரே ஊரார். பிள்ளையின் கை முறிந்தால் கற்பித்தவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்து பதில் சொல்வார்.

அதேநேரம் முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. மக்காவில் இயங்கும் ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை 1987இல் குத்துச்சண்டை பற்றித் தீர்ப்பளித்தபோது, ஒருவரையொருவர் கடுமையாகக் காயப்படுத்த அனுமதிப்பதே அதன் அடிப்படை என்பதாலும், குருடாக்கினாலும் கொன்றாலும் அடித்தவருக்குப் பொறுப்பில்லை என்பதாலும் அது ஆகாது என்றது. எதிராளியைக் காயப்படுத்த இடம் கொடுக்கும் மல்யுத்தத்தையும் அவ்வாறே தடுத்தது. தேகப் பயிற்சிக்காக, தீங்கின்றிச் செய்யப்படும் மல்யுத்தத்தை ஆகுமாக்கியது. எம்.எம்.ஏ. அப்போது இல்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காகத் தடுத்தார்களோ அந்தக் காரணம் இதிலும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். உஹதுப் போருக்குச் செல்லத் துடித்த இப்னு உமர் (ரழி) அவர்களுக்கு அப்போது 14 வயது. நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. 15 வயதில் கந்தக் போரின்போதே அனுமதித்தார்கள். தீன் ஆபத்தில் இருந்த நாளிலேயே வயது பார்க்கப்பட்டதென்றால், ஒரு கேடயத்துக்கும் பதக்கத்துக்கும் நடக்கும் போட்டியில் வயது பார்க்காமல் விடலாமா?

அந்தக் கடதாசி

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பு என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து. ஒரு கலையைத் தெரியும் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்ப்பவருக்கும் இது எச்சரிக்கையல்லவா? பொறுப்பை ஏற்க வேண்டியவர் அதைத் தாயின் தலையில் வைத்துவிட்டுப் போக ஒரு கடதாசி கொண்டு வருகிறார்.

கடிதம் எழுதிய சகோதரியே, ஒழுங்கான போட்டிகளிலும் இப்படிக் கையொப்பம் கேட்பதுண்டு. கடதாசி இருப்பது மட்டும் குற்றமல்ல. ஆனால் ஏற்பாட்டாளர் எதற்குப் பொறுப்பல்ல என்பது மட்டும் எழுதப்பட்டு, எதற்குப் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்படவில்லையென்றால், அதில் கையொப்பம் வைக்காதீர்கள். முதலில் கேள்வி கேளுங்கள். நம்பிக்கையான ஓர் ஆணை, உங்கள் காக்காவையோ பிள்ளையின் சாச்சாவையோ, வகுப்புக்கு அனுப்பி ஒரு மாலை முழுதும் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை

1. பயிற்றுவிப்பவர் யாரிடம், எத்தனை வருடம் கற்றார்? படம் பார்த்துக் கற்றவரா?

2. வகுப்பு எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது? நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் பதிவு செய்யப்படுகின்றன. சங்கத்தின் பெயரைக் கேட்டு, பதிவு உண்டா என்று விளையாட்டுத்துறை அமைச்சில் விசாரிக்கலாம். சுவரில் தொங்கும் சான்றிதழ் மட்டும் போதாது.

3. தலையில் அடி உண்டா? பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உண்டென்றால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

4. எதிராளியின் வயது, எடை, பழகிய காலம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்களா?

5. போட்டியில் நிறுத்தும் அதிகாரமுள்ள நடுவர் யார்? மருத்துவர் யார்? அம்பியூலன்ஸ் வாசலில் நிற்குமா, அல்லது விபத்து நடந்த பின்தான் 1990க்கு அழைப்பார்களா?

6. தொழுகை நேரத்துக்கு விடுகிறார்களா? அவ்ரத்தை மறைக்கும் உடை அணியலாமா? குனிந்து வணங்கச் சொல்கிறார்களா? இதில் ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

7. பிள்ளையொருவன் தட்டும்போது மற்றவன் உடனே விடுகிறானா? இதை மட்டும் சொல்லக் கேட்டுத் திருப்திப்படாமல் போனவர் கண்ணால் பார்த்து வரட்டும். கழுத்தை இறுக்கும் பிடியில் மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. பத்து விநாடி அளவிலேயே நினைவு தப்பலாம். தட்டிய பிறகும் ஒருவன் சிரித்துக்கொண்டே பிடித்திருந்தால், அதைக் கண்டும் ஆசிரியர் வாய் மூடியிருந்தால், பிள்ளையை அன்றே அழைத்து வந்துவிட வேண்டும்.

வீட்டில் உம்மா கவனிக்க வேண்டியவை

தலையில் அடிபட்டுவந்த பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, தலைச்சுற்று, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, அளவுக்கு மீறிய தூக்கம், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தைலம் பூசிப் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயங்கி விழாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். டப்ளின் இளைஞரை நினைவில் வையுங்கள். மருத்துவர் சொல்லும்வரை பயிற்சி வேண்டாம். முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி உயிரையே எடுத்துவிடலாம்.

போட்டிக்கு முன் எடை குறைக்கவென்று பிள்ளை சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்துகிறானா, வெயிலில் பிளாஸ்டிக் உடையோடு ஓடுகிறானா என்று பாருங்கள். 1997இன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்த வீரர்கள் மூவர் இப்படி உடலிலுள்ள நீரை வற்றச் செய்தே இறந்தார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் போட்டிக்கு வந்த 21 வயதுச் சீன வீரர் ஒருவரும் எடை குறைக்கும்போதே உயிரிழந்தார். இவர்களில் ஒருவரும் எதிராளியின் அடியால் இறக்கவில்லை. ஆதலால் எடை குறைக்கச் சொல்லும் ஆசிரியரிடம், "என் பிள்ளை இப்போதுள்ள எடையிலேயே விளையாடட்டும்" என்று திட்டமாகச் சொல்லிவிடுங்கள்.

காது வீங்கினால் அதை வீரத்தின் அடையாளம் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே கட்டிய இரத்தத்தை மருத்துவர் காலத்தோடு எடுக்காவிட்டால் காதுமடல் சுருங்கி அப்படியே கட்டியாகிவிடும். உடலோடு உடல் உரசும் விளையாட்டாதலால் படர்தாமரையும் சீழ்க்கொப்புளமும் எளிதில் தொற்றும். வீட்டுக்கு வந்ததும் குளிப்பு, தனித் துவாய், வெட்டிய நகம், அன்றன்று துவைத்த உடை ஆகியவை கட்டாயம். தம்பி தங்கையர் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதியின் வுஜ்தான் ஷஹர்கானி என்ற 16 வயதுச் சிறுமி தலையை மறைத்தே ஜூடோ மெத்தையில் இறங்கினாள். முதலில் மறுத்தவர்கள், ஆபத்தில்லாத தலைமறைப்பை ஏற்றுக்கொண்ட பிறகு அனுமதித்தார்கள். 82 விநாடிகளில் அவள் தோற்றாள். அந்தத் தோல்வியைவிட, விதியைப் பேசித் திருத்தலாம் என்பதே நமக்குப் பாடம். பெண்ணே கற்பிக்கும், பெண்கள் மட்டும் இருக்கும் வகுப்பென்றால், தன்னைக் காத்துக்கொள்ளும் நாலு பிடி நம் மகளுக்கும் தெரிந்திருப்பது நல்லதே. மேலே சொன்ன ஏழு கேள்விகள் அங்கும் பொருந்தும்.

மகனிடம் எப்படிச் சொல்வது?

சகோதரியே, "போகாதே" என்று ஒரே சொல்லில் கதவை அடைக்காதீர்கள். அடைத்தால் அவன் உங்களுக்குத் தெரியாமல் போவான். காயத்தை மறைப்பான், தலைவலியையும் மறைப்பான். நியூயோர்க்கில் நடந்தது ஒரு வீட்டுக்குள்ளும் நடக்கும். தடை இருக்கும், காவல் இருக்காது.

அவனைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள்: "மகன், உன்னை ஒருவன் கீழே போட்டு அடிக்கிறான். உனக்குத் தட்டவும் முடியவில்லை. அந்த நேரம் 'போதும், நிறுத்து' என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? அவருடைய பெயரைச் சொல்." அவனால் ஒரு பெயரைச் சொல்ல முடியுமென்றால், அந்தப் பெயருக்குரியவரைக் காக்கா போய்க் காணட்டும். பதில்கள் திருப்தியாக இருந்தால், தலைக்கு அடியில்லாத பிடிச்சண்டையைப் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் பழகட்டும். கொழும்புப் போட்டியில் தலைக்கு அடி உண்டென்றால் இந்த வயதில் வேண்டாம். அவனால் ஒரு பெயரையும் சொல்ல முடியவில்லையென்றால், ஏன் உம்மா கையொப்பம் வைக்கவில்லை என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. அவனுக்கே விளங்கிவிடும்.

அவன் இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். எதிராளியை வீழ்த்துபவனல்ல, கோபத்தில் தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற நபிமொழியை ஆறுதலாக ஒருநாள் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பாடத்தைப் பிள்ளை முதலில் உம்மாவிடமிருந்துதான் கற்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் உடல்கள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அவர்களைப் பலமுள்ளவர்களாகவும், அந்தப் பலத்தை நல்லதற்கே பயன்படுத்துபவர்களாகவும் அவன் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.